மழைக்கோட்டுக்குள் ஒரு கயிறு

தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டோரத்தில் ஒரு பாறைக் குகை இருக்கிறது. ஓய்வு பெற்றபின் நான் சேர்ந்த மலையேற்றக் குழு, ஞாயிறுதோறும் அதற்கு வெளியே உள்ள பாறையில் கயிற்றில் இறங்கப் பழகும். ஒருவர் இறங்க, அவருடைய ஜோடி மேலே நின்று கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள்.

குழுவில் எனக்கு ஒதுக்கப்பட்ட ஜோடி, ஓசூர் ஆலையில் முன்பு என் கீழ் வேலை பார்த்தவர். அவரை நிரந்தரமாக்கலாமா என்று மேலாளர் கேட்டபோது, "நம்ப முடியாத ஆள்" என்றேன். அது பொய். எல்லோர் முன்னிலையிலும் என்னை ஒருமுறை எதிர்த்துப் பேசினார் என்பதுதான் காரணம். அவர் வேலை போயிற்று. நான் சொன்னது அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் நான் சந்தேகித்தேன்.

அன்று மழை. பாறை வழுக்கியதால் பயிற்சி தரும் பெண் எங்கள் இருவரையும் குகைக்குள் இருந்த செங்குத்துப் பள்ளத்துக்கு அழைத்துப் போனார். வேறு யாரும் வரவில்லை. வெளிச்சத்தில் பலர் பார்க்க இறங்குவது வேறு; இங்கே கை நழுவியது என்று அவர் சொன்னால் யார் மறுக்க முடியும்? அவர்கள் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, என் இடுப்புப் பட்டையின் பின்புறம் இன்னொரு மெல்லிய கயிற்றை மாட்டி, மறுமுனையைப் பாறை முனையொன்றில் கட்டினேன். மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

"உள்ளயா சார் மழை பெய்யுது?" என்று அவர் சிரித்தார்.

"குளிருது" என்றேன்.

பாதி தூரம் இறங்கியதும் சட்டென்று கயிறு இழுத்துப் பிடிக்க, அந்தரத்தில் நின்றுவிட்டேன். காலுக்குக் கீழே இருட்டு. மேலே கயிற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு அவர் பழி தீர்க்கிறார் என்றே நினைத்தேன்.

"விடுய்யா! என்ன விளையாட்டு இது?"

"உட்டுட்டுதான் சார் இருக்கேன்! என் கயிறு தொளதொளன்னு கெடக்குது!"

அந்தப் பெண் டார்ச்சைத் திருப்பினார். பாறை வெடிப்பில் சிக்கி விறைத்திருந்த என் திருட்டுக் கயிறு தெரிந்தது. என் ஜோடி தம் கயிற்றை இறுக்கி என்னைத் தாங்கிக்கொள்ள, அந்தப் பெண் சிக்கலை விடுவித்தார். என்னை மேலே இழுத்தார்கள்.

"யாருக்கு சார் பயந்தீங்க?" என்று அவர் கேட்டார்.

"பாறைக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மேனேஜர்கிட்ட அன்னிக்கி நீங்க சொன்னது எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் ஒரு மாசமா உங்க கயித்தப் புடிச்சிட்டிருந்தேன்."

இடுப்பிலிருந்து அந்த மெல்லிய கயிற்றைக் கழற்றினேன்.

அடுத்து அவர் இறங்க வேண்டிய முறை. வழக்கப்படி நான் கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கயிற்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"நீங்க புடிங்க மேடம். சாருக்குக் குளிருது."