விரதக்காரி குடித்த கஞ்சி

தறியில் துணி தளர்ந்தால் கண்ணுக்கு முன்னம் கைக்குத் தெரியும். அன்று மிஸ் என் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நின்றா. சண்டிலிப்பாய்ப் பக்கம் எங்கள் நெசவுசாலையை நடத்தினவ அவ. வேதக்காரப் பெண், கிறிஸ்தவ மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவ.

"உங்கடை துணியிலை ஊசி நுழைய இடமிராது. இப்ப அடி இறுக்கமாய் விழேல்லை. உடம்புக்கு ஏலாதோ?"

"ஒண்டுமில்லை மிஸ். விரதம், அதுதான்."

யுத்தத்தாலை யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம். அரிசி, மா எல்லாம் நெருப்பு விலை. வீட்டில் இருந்ததைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வேலைக்கு வருவேன். மத்தியானம் மற்றவை பார்சல் அவிழ்க்க, விரதம் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். அங்கே மூத்த நெசவுக்காரி நான்தான். புதுப் பிள்ளைகளுக்குத் தறியில் பாவு நூல் பிணைக்கக் காட்டிக்கொடுத்தவள். எனக்குச் சோறில்லை என்று அதுகளிட்டை எப்படிச் சொல்லுவது? வெள்ளி என்றேன், திங்கள் என்றேன், பிறகு ஊரில் இல்லாத நேர்த்திக்கடனெல்லாம் சொன்னேன்.

பக்கத்துத் தறித் தங்கம் வாய்க்காரி. "அக்கா உப்பிடியே பிடிச்சால் முருகன் வள்ளியை விட்டிட்டு இஞ்சை வந்து நிப்பார்" என்பாள். எல்லாரும் சிரிப்பினம். நானும் சிரிப்பேன். சுவாமியின் பேரில் பொய் சொல்லுகிறேனே என்று உள்ளே எரியும்.

மிஸ் அன்று என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு அடுத்த தறிக்குப் போனா. அடுத்த கிழமை ஒரு பெரிய பானை கொண்டுவந்து வைத்தா.

"தறி மிதிக்கிற காலுக்குச் சாப்பாடு வேணும். இனி மத்தியானத்திலை எல்லாருக்கும் இலைக்கஞ்சி. ஏலுமானவை ஏலுமானதைக் கொண்டுவாங்கோ. ஒண்டுமில்லாதவை அடுப்பை மூட்டுங்கோ. ஆர் என்ன தந்தது எண்டு ஒருத்தரும் கேக்கப்படாது."

முதல் கஞ்சி ஒரு வெள்ளிக்கிழமை. தீட்டாத சிவப்பரிசி, பயறு, முருங்கையிலை, வல்லாரை, கடைசியில் தேங்காய்ப்பால். அந்த வாசம் தறிக்கு வர, என் கால் தறியின் மிதிகட்டையைத் தவறவிட்டது.

தங்கம் அகப்பையோடு வந்து என்னைத் தாண்டிப் போனாள். "அக்காவைக் கேளாதேங்கோ. விரதக்காரரைக் கேட்டால் எங்களுக்குத்தான் பாவம்." அதில் பகிடி இல்லை, மரியாதையாய்த்தான் சொன்னாள்.

எனக்குப் பின்தறியில் ராணி, வேலைக்குப் புதிசு. "எனக்கும் வேண்டாம்" என்றாள். "நானும் அக்காவோடை விரதம்."

திரும்பிப் பார்த்தேன். வாய்க்கடை வெடித்துப் புண். கண்ணெல்லாம் உள்ளுக்குப் போய்க் கிடந்தது. அந்தப் பெட்டைக்கும் என்னைப் போலத்தான் என்று அந்த நேரம்தான் விளங்கியது. நான் சொன்ன பொய்க்குள்ளே அவளும் ஒளித்திருந்தாள். நான் குடிக்காவிட்டால் அவளும் குடிக்கமாட்டாள்.

"தங்கம், எனக்கு ஊத்து."

"வெள்ளியெல்லே அக்கா?"

"எனக்கு விரதமில்லை. ஒரு நாளும் இருக்கேல்லை. வீட்டிலை அரிசி இல்லை."

தங்கம் எனக்கு ஊற்றும்போது கஞ்சி அவள் கையில் சிந்தினது. அவள் துடைக்கவும் இல்லை. ராணி மெல்ல எழும்பி வந்து கோப்பையை நீட்டினாள். குடித்துவிட்டுத் திரும்பவும் நீட்டினாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்ப வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். வேலைத்தலத்தில் முதல் கோப்பையை மூத்தவள் எடுக்கவேணும். அவள் வெட்கப்பட்டு நின்றால் பின்னால் நிற்கிறதுகள் பட்டினி. அன்றைய கஞ்சி நல்ல ருசி என்று எல்லாரும் சொன்னவை. எனக்கு அது தொண்டைக்குள்ளால் இறங்கினது மட்டும்தான் தெரியும்.