நாய்க்குக் கொடுத்த பேர்

சுக்கு வாசனையோடுதான் அந்த நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மலைச்சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் பெருக்கிக்கொண்டிருந்த அப்பா, கிழிந்த சாக்குக் குவியலுக்குள் முனகிக்கொண்டு கிடந்த அதைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தரையில் இறக்கிவிட்டதும் அது உடம்பை ஓர் உதறு உதற, ஆனி மழையில் ஊறிப்போயிருந்த வீடு முழுக்கச் சுக்குத் தூள் நெடி ஏறி, என் தம்பி சந்திரன் மூன்று தும்மல் தும்மினான். தும்மி முடித்துவிட்டுச் சிரித்தபடி, "இவன் பேரு சுக்கு" என்றான். அவனுக்கு அப்போது ஐந்து வயது, எனக்குப் பத்து.

அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. வாய்க்காலை ஒட்டி வரிசையாக ஓடு போட்ட "லைன் வீடு"களில் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்தவர்கள்தான் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், வீட்டில் திட்டு வாங்கியது தமிழ். தமிழ் எழுத்தை நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் கூட்டி எழுதப் பழகினேன் என்பதால், இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேர் வைக்கும் சண்டை மூன்று நாள் நடந்தது. எனக்கு "டைகர்" வேண்டும், ஏனென்றால் என் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டு நாய்க்கு அந்தப் பேர். அப்பாவுக்கு எந்த நாயும் "மணி"தான். அம்மாவோ அதைத் தொடக்கூட மாட்டாள். "இருக்குற வாய்க்கே கஞ்சியக் காணோம், இதுக்குப் பேரு வேற கேக்குதா" என்று கரண்டியோடு விரட்டுவாள். தம்பி மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. "ஏண்டா, வயித்து வலிக்கு அரைச்சுக் குடிக்கவா நாய் வளக்குறோம்" என்று நான் கேலி செய்து அவனை அழவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து ஒரு பேரை முடிவு செய்வதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அவன் காய்ச்சலில் பாயோடு கிடந்தான்.

எங்கள் வீட்டில் பேர் என்பது விளையாட்டுக் காரியமில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பாவின் பேர் பிச்சை. அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, இவர் பிறந்ததும் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வர, அவளிடம் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினார்களாம். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, பிச்சை என்று பேர். எமன்கூட இளப்பமாக நினைத்துத் தாண்டிப் போய்விடுவான் என்று கணக்கு. அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் அந்தப் பேரை வைத்து அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. எனக்கும் தம்பிக்கும் நடுவே அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து போய்விட்டன. அதனால் தம்பி பிறந்தபோது, அடுத்த வீட்டில் இருந்த அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, "இவனுக்குக் குப்பன்னு வையி" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா கேட்கவில்லை. "குப்பைய நான் அள்ளுறது போதும், எம்புள்ள பேருல அது வேணாம்" என்று சொல்லி, ஆசை ஆசையாகச் சந்திரன் என்று வைத்தார்.

காய்ச்சல் மூன்றாம் நாளில் கண்ணுக்கு ஏறியது. கண் மஞ்சளாகி, காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்; மூத்திரம் நின்றுபோனது. படகுத்துறையில் "போட்டு" பிடித்து எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மழையில் வாய்க்கால் நிரம்பி எங்கள் வாசல் வரை தண்ணீர் ஏறியிருந்தது, பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் ஆடினோம், எனக்கு ஒன்றும் வரவில்லை, அவனுக்கு "எலிப்பனி" என்கிற எலிக்காய்ச்சல் வந்தது. கிட்னியைப் பிடித்துவிட்டது, நாளாகும், பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லை அப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் குரல் அவருடையதாகவே இல்லை.

அன்று சாயங்காலம் பெரியம்மா எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு நினைவிருக்கிறது. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. அன்னைக்கே சொன்னேன், நீங்க கேக்கல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வாசல்ல நிக்கிறவன் நாம கூப்பிடுற சத்தத்த வச்சுத்தான் ஆளத் தேடுவான். அந்தச் சத்தத்துக்கு இந்த நாய் ஓடி வரட்டும், இதத் தூக்கிட்டுப் போகட்டும்." ஒரு மாற்றுச் சட்டை எடுக்க வீட்டுக்கு வந்திருந்த அம்மா, அதுவரை நாயைத் தொடாதவள், அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, தம்பியின் பழைய பனியனால் துடைத்து, அதன் காதில் வாயை வைத்து, "சந்திரா, சந்திரா, சந்திரா" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, இனி நாய்தான் சந்திரன், தம்பி குப்பன், மாறிச் சொன்னால் நாக்கை இழுத்துச் சூடு வைப்பேன் என்றாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆசையாக வைத்த பேரை அவர் கண்ணெதிரே எடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பத்து வயதுதான் என்றாலும் அவர்கள் செய்தது என்னவென்று நன்றாகத் தெரிந்தது. அந்தக் குட்டிக்குச் சாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். தம்பி பிழைக்க வேண்டும் என்று மாதாவிடமும் மாரியம்மனிடமும் அழுதேன். நாய் என் காலை நக்கும்போது இதுவும் சாகக்கூடாது என்று இருந்தது. இரண்டையும் சேர்த்து வேண்டிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

லைன் முழுக்கச் செய்தி போனது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நாயைப் பார்த்து "சந்திரா" என்று கூப்பிட வேண்டும் என்று பெரியம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஒருத்தரிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். லைன் முனையில் சாயாக்கடை வைத்திருந்தவர் பேரும் சந்திரன். மலையாளத்துக்காரர், கோபக்காரர். தன் கடை வாசலில் நின்று பெண்கள் எல்லாம் "சந்திரா, எச்சியத் தின்னாத, வாடா" என்று நாயைக் கூப்பிடுவதைக் கேட்டு, கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். "என்றெ பேரே கிட்டியுள்ளோ பட்டிக்கு இடான்?" என்று கத்தினார். நாய்க்கு வைக்க என் பேர்தான் கிடைத்ததா என்கிறார். நான்தான் வீட்டில் இருந்தேன். மலையாளத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக, அழுதுகொண்டே சொன்னேன். கேட்டு முடித்து அவர் தலையைச் சொறிந்துகொண்டே கடைக்குத் திரும்பிப் போனார். மறுநாள் காலையிலிருந்து சந்திரன் சேட்டன் கையில் ஒரு பன்னை வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, "சந்திரா, வாடா மோனே" என்று நாயைக் கூப்பிட ஆரம்பித்தார். தன் பேரையும் அதோடு சேர்த்துப் பலி கொடுக்கத் துணிந்த அப்படி ஒரு மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மட்டும் அந்த ஏற்பாடு நடக்கவில்லை. சீட்டில் எழுதியிருந்த பேரைச் சொல்லித்தானே நர்ஸ் கூப்பிடுவாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குப்பன் என்று கூப்பிடுங்கள், சத்தமாக வேறு பேர் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினாளாம். அந்தப் புண்ணியவதி காரணம் கேட்காமல், அன்றிலிருந்து எந்தப் பேரும் சொல்லாமல் "மோனே" என்று மட்டும் கூப்பிட்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்து, இது வேறு யாரோ பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் வீங்கி, கண் இடுங்கி, உதடெல்லாம் வெடித்திருந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் என்னைக் கிட்டே கூப்பிட்டான். "அக்கா, சுக்கு சாப்பிட்டானா?" என்றான். சாப்பிட்டான் என்றேன். "அம்மா சொன்னா, அவன் பேரு சந்திரன்னு. அது என் பேருல்ல? அப்ப நான் யாரு?" நீ குப்பன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை. அவன் அழக்கூடத் தெம்பில்லாமல், வெறுமனே உதட்டைப் பிதுக்கினான். "எம்பேர வாங்கித் தாக்கா. அவன் சுக்குதான். நீ போய் வாங்கித் தா" என்றான். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், அப்பா சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது, கொல்லைப்புறம் விறகுக்குப் பின்னால் நாயைத் தூக்கிக்கொண்டு போனேன். அதன் காதில், "நீ சந்திரன் இல்ல, நீ சுக்கு. எந்தம்பி பேரக் குடுத்துடு" என்று மூன்று தடவை சொன்னேன். அம்மா செய்த மாதிரியே செய்தேன். தம்பி கேட்டதைச் செய்துவிட்டோம் என்றுதான் இருந்தது. நாயும் இனிச் சாகாது என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள்.

புதன்கிழமை மத்தியானம் தம்பி செத்துப்போனான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் பேரைத் திருப்பிக் கொடுத்து, வாசலில் நின்றவனுக்கு ஆளைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று பத்து வயதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பெரியம்மா மாரடித்து அழுதுகொண்டே, "எங்கயோ தப்பு நடந்துபோச்சு, யாரோ மாத்திக் கூப்பிட்டாங்க" என்றபோது நான் அடுப்படியில் போய்ப் பதுங்கிக்கொண்டேன். பல வருஷம் நான் சாமி கும்பிடவில்லை. கும்பிட வாய் வரவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் யாரும் நாயைக் கூப்பிடவே இல்லை. அதுவாக வந்து அதுவாகப் படுத்தது. அடித்து விரட்டிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலை அம்மா தட்டில் மீன் முள்ளும் பழைய சோறும் போட்டு வாசலில் வைத்துவிட்டு, "சந்திரா" என்று கூப்பிட்டாள். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. நான் விறகடியில் சொன்னதை அது காதில் வாங்கவே இல்லை. அது தின்பதைப் பார்த்துக்கொண்டே அம்மா படியில் உட்கார்ந்து, ஒப்பாரியில் வராத அழுகையெல்லாம் அழுதாள். அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் அந்த நாய் எங்களோடு இருந்தது. ஒரு நாளில் பத்துத் தடவையாவது அந்தப் பேர் வீட்டில் கேட்கும்; ஒரு தடவைகூட அது தம்பியைக் குறிக்காது. அவனைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் "புள்ள" என்போம்.

இன்று லைன் வீடுகள் இல்லை. இடித்துவிட்டு மாடிக் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். கிட்டங்கிகளில் பாதி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து காப்பி குடிக்கும் இடமாகிவிட்டன. அப்பா, பெரியம்மா, சந்திரன் சேட்டன் மூவரும் போய்விட்டார்கள். நான் எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம் என் மகன் எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து, என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டான். "என்ன வேணா வையி, மனுசப் பேரு மட்டும் வேணாம்" என்றாள் அம்மா. அவன் வெளியே ஓடியதும், இத்தனை வருஷமாக வாயில் அடைத்துக்கொண்டிருந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். விறகடி, காது, மூன்று தடவை, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

"போடி பைத்தியக்காரி," என்றாள். "நீ என்னத்தக் கண்டே. கடைசில மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தான். குப்பா, குப்பான்னு கூப்பிட்டேன், திரும்பல. அவனுக்கு அது யாருன்னே தெரியலையே. பெத்தவளுக்குப் பொறுக்குமா? சந்திரான்னுட்டேன். கண்ணத் தொறந்து என்னப் பாத்தான். அதோட சரி. நான்தான் காட்டிக் குடுத்தேன்."

இல்லம்மா நான்தான் என்றேன். வாய மூடு, நான்தான் என்றாள். அது ஒரு நோய், வாய்க்கால் தண்ணீரில் வந்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் அன்று சாயங்காலம் வரை, பங்கு பிரிக்கிற மாதிரி, அந்தப் பழிக்காகச் சண்டை போட்டோம். அவள் எனக்கு விட்டுக்கொடுக்கவே இல்லை.

கொச்சியில் சந்திரன்களுக்கு என்ன பஞ்சம். பஸ்ஸில், சந்தையில், கடையில் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானும் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன். பார்க்கிற கண் நேராகக் கீழே, முழங்கால் உயரத்துக்குப் போகிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் வர நேரமாகிறது. சில நாள் வருவதே இல்லை.