முனியசாமி என்றால் திரும்பாதவர்

துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் டைம்கீப்பராகச் சேர்ந்த முதல் வாரம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மிதப்பு குரலிலும் இருந்திருக்கும். காலை டியூட்டிக்கு ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"முனியசாமி!"

பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். ஃபோர்க்லிஃப்ட்டில் சாய்ந்து நின்ற ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அசையவில்லை. எங்கள் சூப்பர்வைசர் ஹஸ்னைன் பாகிஸ்தான்காரர். அவர் திரும்பி, "அரே முனியசாமி பாய், ஜல்தி!" என்று அதட்டிய பிறகுதான் அந்த மனிதரின் கை மேலே போனது.

கையெழுத்துப் போட வந்தவர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, நீயும் தமிழ்தானே? முனியசாமி எங்கப்பன். அந்தாளு இங்க வேலை பாக்கல. எம்பேரு பாலகுரு."

ஊரில் அப்பா பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அது முழுசாக விரிந்து கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே கடைசிப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி எத்தனையோ தமிழர்கள் நாள் முழுக்க எங்கள் அப்பன் பெயருக்கு 'யெஸ்' சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது சந்தோஷம்தான். சூளையில் செங்கல் சுமந்து என்னைப் படிக்கவைத்தவர் பெயரை அரபிக்காரர்கள் சொல்லிக் கேட்க யாருக்குக் கசக்கும்?

பாலகுருவுக்குக் கசந்தது. கமுதிப் பக்கம் அவர் ஊர். இவர் எட்டாவது படிக்கையில் முனியசாமி இன்னொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அம்மா சுந்தராம்பாள் கருவேல மூட்டம் போட்டுக் கரி அள்ளினார். பாலகுருவும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு கரி அள்ளப் போனார்.

"அந்தாளு விட்டுட்டுப் போனதுல மிச்சம் பேரு ஒண்ணுதான், டிகிரி. கடல் தாண்டி வந்தும் அதைத்தான் என் கழுத்துல மாட்டிவிட்டிருக்கானுக" என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் டிகிரி.

மனைவி கனகாவை அழைத்துவந்து ஷார்ஜாவில் ஒரு ஷேரிங் ஃபிளாட்டில் ஒற்றை அறை எடுத்தார். அங்கேதான் மகள் பிறந்தாள். ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒரு சண்டையும் இல்லை. அதற்குப் பின்னால் என்ன வருவது என்பதில்தான் வீடு இரண்டு பட்டது.

இங்கே பிறப்பைப் பதியும்போது பிள்ளை பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசையாகப் போடுவதுதான் வழக்கம். சும்மா விட்டால் ஆதிரை பாலகுரு முனியசாமி என்று ஆகிவிடும். பள்ளிக்கூடத்திலும் ஏர்போர்ட்டிலும் அவளையும் அந்தக் கடைசிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள்.

"எம்மகளை அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தனும் கூப்பிடக் கூடாது" என்றார் பாலகுரு. "கடைசியில என் பேரு. நடுவுல எங்கம்மா பேரு. அவ்வளவுதான்."

நான் பார்க்கப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை கனகா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் விளையாடும் குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுப் பார்த்தார்.

"ஆதிரை சுந்தராம்பா... ள்! என்னங்க இது, முன்னாடி காரு, பின்னாடி மாட்டு வண்டி. அதுவுமில்லாம அத்தை பேரைச் சொல்லி நான் எப்படிப் பிள்ளையை அதட்ட முடியும்? வாயி வருமா?"

"ஊர்ல எங்கம்மாவைச் சுந்தரின்னுதான் கூப்புடுவாக" என்றார் பாலகுரு.

கனகா இன்னொரு தடவை கூப்பிட்டார். "ஆதிரை சுந்தரி!" தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை கண்ணைத் திறந்தது. "இது சரி. இது நிக்குது. அத்தை பேரு மாதிரியும் இருக்கு, சொன்ன மாதிரியும் இல்ல."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு ஊருக்கு வீடியோ கால் போட்டதுதான் தப்பு.

சுந்தராம்பாள் தன் பெயர் வருவதைக் கேட்டுக் குளிர்ந்துபோவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்கய்யா பேரு எங்க?"

"இல்லம்மா."

"இல்லைன்னா?"

"வைக்கல. உன்னைய விட்டுட்டு ஓடுன ஆளு பேரு எம்பிள்ளைக்கு எதுக்கு?"

"நான் கேட்டனாடா? ஓடிட்டாருன்னு நான் உங்கிட்ட வந்து அழுதனா?" கிழவியின் குரல் நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்தப் பேரைச் சொல்லித்தான் இந்த ஊருக்குள்ள நிமிந்து நடக்குறேன். முனியசாமி பொண்டாட்டின்னு சொல்லித்தான் உன்னைய வளத்தேன். இப்ப பேத்திக்கு அவரு பேரு இல்லைன்னா நாலு பேரு என்ன கேப்பான் தெரியுமா? பாலகுரு யாருக்குப் பெறந்தான்னு கேப்பான். அதுக்கு யாருடா பதில் சொல்றது, நீயா, துபாயில உக்காந்துக்கிட்டு?"

கிழவி போனை வைத்துவிட்டார். திரை இருண்டது.

அடுத்து வந்த நாட்கள் கிடங்கில் அவர் பக்கத்தில் போகவே யோசிக்கவேண்டியிருந்தது. பெயர் முடிவாகாமல் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் இல்லாமல் விசா கிடையாது. விசாவுக்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சரக்கில்லாத வெறும் பேலட்டைத் தூக்கும்போதுகூட ஃபோர்க்லிஃப்ட் தடதடவென்று ஆடியது. "க்யா ஹுவா முனியசாமி?" என்று ஹஸ்னைன் கேட்டதற்குப் பாலகுரு முறைத்த முறைப்பில், அந்த மனிதர் டீயை வைத்துவிட்டு நகர்ந்துபோனார்.

"அண்ணே, அம்மாவுக்காகப் போட்டுத் தொலைச்சுடுங்களேன்" என்றேன்.

"உனக்கென்ன டிகிரி, உங்கப்பன் பேரு உனக்குப் பூமாலை" என்றார்.



பதிவு செய்யும் நாளில் இங்கிலீஷ் பேச ஒரு ஆள் வேண்டுமென்று கனகாவோடும் பிள்ளையோடும் என்னையும் கூட்டிப்போனார். கவுன்ட்டரில் அரபு இளைஞன் ஒருவன். பெயரைக் கேட்டான். "ஆதிரை சுந்தரி பாலகுரு" என்றேன். தட்டினான். பிறகு பாலகுருவின் பாஸ்போர்ட்டைப் புரட்டி, கடைசிப் பெயரில் விரலை வைத்தான். இது யார், தாத்தாவா, ஏன் பிள்ளைக்கு இல்லை என்று கேட்டான். நான் ஏதோ சொல்ல வருவதற்குள் பாலகுரு முந்திக்கொண்டார்.

"தாதா மாஃபி."

தாத்தா இல்லை. இந்த ஊரில் தண்ணீர் தீர்ந்தாலும் 'மாஃபி', சம்பளம் வராவிட்டாலும் 'மாஃபி'. இல்லை என்பதற்கு வேறு அரபுச் சொல் அவருக்குத் தெரியாது.

இளைஞனின் முகம் மாறியது. கையை நெஞ்சில் வைத்து, "அல்லா யர்ஹமு" என்றான். இறந்தவருக்குச் சொல்வது. இறந்த தாத்தாவின் பெயரைச் சேர்ப்பது நல்லதுதான், சேர்க்கட்டுமா என்று கனிவாகக் கேட்டான்.

கனகா புருஷனின் சட்டை நுனியைப் பிடித்தார். திருப்பூரில் முனியசாமி உயிரோடு இருக்கிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"நோ" என்றார் பாலகுரு. "கலாஸ்."

முடிந்தது. வெளியே வந்து வெயிலில் நின்றவர் பிள்ளையை வாங்கவில்லை. "அந்தாளைக் கொன்னுட்டேன்ல?" என்றார். சந்தோஷமா துக்கமா, கண்டுபிடிக்க முடியவில்லை.

விஷயம் கனகா வாய்வழியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. சுந்தராம்பாள் மகனை ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். "எந்தாலிய நீ அறுத்துட்டியாடா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

ஆதிரை இந்த வருஷம் கேஜியில் சேர்ந்திருக்கிறாள். வகுப்பில் ஆதிரை பாலகுரு, வீட்டில் சேட்டை பண்ணினால் ஆதிரை சுந்தரி. சுந்தராம்பாள் கனகாவின் போனில் பேத்தியோடு மட்டும் பேசுகிறார். ஊரில் யார் கேட்டாலும் பேத்தி பெயர் ஆதிரை முனியசாமி என்று சொல்கிறாராம். பாலகுரு அதே கிடங்கில் இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். வாசலில் இன்னும் முனியசாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் முதல் தடவையில் திரும்புவதில்லை.