ஆறாம் நம்பர் மலையின் நரை

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். கலாநிதி தவமணி காலமான செய்தி வந்தபோது நான் தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் தொடங்கவில்லை. போனில் அவருடைய தம்பி, "ராசு அண்ணே, அக்கா போயிட்டாங்க. காலையில ஏழு மணி இருக்கும்" என்றார். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி பிரஷைத் தொட மனம் வரவில்லை. அந்த அரைக் கறுப்புத் தலையோடுதான் எஹலியகொடையில் பஸ் ஏறி, தெஹியோவிட்டவில் தம்பியின் வீட்டில் நடந்த சாவுக்குப் போனேன். அழ வந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அழுகைக்காக மூடினார்களா, வேறு எதற்காவதா என்று நான் விசாரிக்கவில்லை. பெட்டிக்குள் கிடந்தவர் எழுந்து பார்த்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். என் டையை ஊரறியக் கேலி செய்தவர் அவர்தான்.

அவரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் கலாநிதி, அதாவது டாக்டர் பட்டம் வாங்கி, விரிவுரையாளரானவர். மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பல் நிறத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் லைக்கன்தான் அவருடைய ஆராய்ச்சி. தோட்டத்தில் நாங்கள் அதையும் பாசி என்றே சொல்லுவோம். அவர் விடமாட்டார். "பாசி மட்டும் இல்ல ராசு. பங்கசுன்ற பூஞ்சையும் பாசியும் சேந்து குடும்பம் நடத்துது" என்பார். யார் யாரோடு சேர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் எனக்கும் ஆர்வம் உண்டு. நான் அதை மனிதர்களோடு நிறுத்திக்கொண்டேன்.

கவ்வாத்து வெட்டியபின் தேயிலைச் செடிகள் மொட்டைத் தூராக நிற்கும். அந்தத் தூரில் ஒட்டியிருக்கும் பாசியை மழுங்கல் கத்தியால் சுரண்டி எடுப்பது தோட்டத்தில் ஒரு வேலை. தவமணியின் தாயார் அதில் கெட்டிக்காரி. அவர் கை பட்ட தூர் கழுவி வைத்த செம்பு மாதிரி இருக்கும் என்பார்கள். தாய் சுரண்டிப் போட்டதை மகள் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்தார். ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் இருந்த நான், டின்னை நம்பி, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"மண்ணு மாதிரி இருக்கு."

உடனே கொப்பியைத் திறந்து, "சுவை: மண்" என்று எழுதிக்கொண்டார். விஞ்ஞானத்துக்கு நான் செய்த முதல் உதவி அது.

பிறகு அவர் படிக்கப் போனார். நான் பெயில் ஆகி, மீண்டும் எழுதி, மீண்டும் பெயில் ஆகி, அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையானேன். லயத்துப் பெண்கள் எனக்கு ஐயா என்று பட்டம் கொடுத்தார்கள், அவருக்கு மிஸ் என்று. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "மிஸ் பாசியக் கட்டிக்கிட்டாங்க" என்று தோட்டம் முழுவதும் பரவிய பேச்சு எங்கே தொடங்கியது என்று யாரும் ஆராய வேண்டாம். தொடங்கியவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஆனாலும் ஊருக்கு வந்தால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் என்னோடு ஒரு பிளேன்டீ குடிக்காமல் போகமாட்டார். மூன்று வருடங்களுக்கு முன் அப்படி ஒரு நாளில்தான் தம் வேலை என்னவென்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

"மூணு லைக்கன் இருக்கு ராசு. பாத்தா அக்கா தங்கச்சி மாதிரி. எது எதுக்கு நெருங்கின சொந்தம்னு மொகத்தப் பாத்துச் சொல்ல ஏலாது. அடுப்பப் பாக்கணும்."

"அடுப்பா?"

"கலத்துக்குள்ள இழைமணின்னு படிச்சமே, சக்தி உண்டாக்குறது. நீ தூங்கியிருப்ப. அதுக்குன்னு தனியா ஒரு மரபணுத் தொகுதி இருக்கு. பங்கசோட இழைமணிய எடுத்து, எந்த மரபணு இருக்கு, எந்த வரிசையில இருக்கு, எங்க கூடியிருக்கு, எங்க கொறஞ்சிருக்குன்னு மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறேன்."

"அடுத்த வீட்டு அடுப்படிய எட்டிப் பாக்குறதுக்கா டாக்டர் பட்டம் குடுத்தாங்க? நம்ம காமாட்சி அக்கா அத படிக்காமலே செய்வாங்களே."

கொழுந்துக் கூடையோடு நின்ற காமாட்சி அக்கா, "ஐயா வீட்டு அடுப்பையும் பாத்திருக்கேன். ஞாயித்துக்கெழமை சமைக்கிறது ஐயாதான்" என்றார். தவமணி தேநீர் புரையேறும்வரை சிரித்தார்.

மூன்றாவது லைக்கன் எங்கள் தோட்டத்தில்தான் இருந்தது. தேயிலை நிலத்தை நாங்கள் மலை என்போம். ஆறாம் நம்பர் மலையின் உச்சியில், அதுவரை யாரும் ஏறிச் சுரண்டாத, விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலை நிற்கும் நாலு வரிசையில் மட்டும், அது வெள்ளைத் திட்டாக இருந்தது. பக்கத்துத் தோட்டங்கள், ரப்பர் காடு, ஓடைப் பாறை எல்லாம் தேடிவிட்டு அவர் சொன்னார்: "வேற எங்கயும் இல்ல. இது செடிக்கு வந்த நோய் வருத்தமும் இல்ல. நரை. ஒனக்குத்தான் நரையே ஆகாது."

கொஞ்ச நாளில் ஒரு மாலை போன் செய்தார். குரலில் காய்ச்சல் மாதிரி ஒரு சூடு.

"ராசு, மூணாவது வீட்டு அடுப்புல ஒரு கல்லக் காணோம். இருந்தே ஆகவேண்டிய மரபணு. ஆனா சோறு வேகுது. ஒண்ணு, கல்ல வேற அறையில கொண்டுபோய் வச்சிருக்கு. இல்லாட்டி, கூட இருக்கிற பாசி பக்கத்து வீட்டுலருந்து சமைச்சுக் குடுக்குது."

எது உண்மை என்பதற்கு முன், கல் நிஜமாகவே இல்லையா என்பதை அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. அவர் எழுதி அனுப்பிய கட்டுரையை வாசித்த வெளிநாட்டுப் பெரியவர்கள், ஒரே ஒரு மாதிரித் துண்டை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல முடியாது, மரபணு வாசிப்பில் விடுபட்டிருக்கலாம், அதே இடத்திலிருந்து புதிதாக இன்னொன்று எடுத்துப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் மாதிரி முழுவதையும் அரைத்து முடித்தாயிற்று. அந்த வாரம்தான் அவருடைய வயிற்றில் கட்டி என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு இன்னொரு போன் வந்தது. "ஆறாம் நம்பர் கவ்வாத்துன்னு கேள்விப்பட்டேன். வெட்டட்டும். தூரத் தொடாதீங்க. உச்சியில நாலு வரிசை மட்டும் சுரண்டாம வையி. எந்திரிச்சு நடக்க முடிஞ்சதும் வாறேன். எனக்கு நகத்தளவு போதும்."

"நான் இருக்கேன். நீங்க வாங்க" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, தலையில் தொப்பியும் தோளில் பையுமாக, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மலை உச்சிக்கு ஏற ஒரு மணி நேரம் எடுத்தது. மேலே பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். கழுவிக் கட்டிய சேலை, கொண்டையில் பூ. அவர்களுக்குப் பின்னால் நாலு வரிசைத் தேயிலைத் தூர்களும் செம்பு மாதிரி மின்னின. ஒரு திட்டுக்கூட இல்லை.

காமாட்சி அக்கா முன்னால் வந்தார். "மிஸ் வாறாங்கன்னு கேட்டு முந்தாநாளே சுத்தம் பண்ணிட்டோம். ஒங்கம்மா சுரண்டுனதுக்கு ஒரு நூல் கொறையாது. பாத்துச் சொல்லுங்க."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். மதிப்பான ஒருவர் வருகிறார் என்றால் வாசலைக் கூட்டுவார்கள், கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்பு மிஞ்சிவிட்டால் இன்னது என்று பார்க்கத் தெரியாது.

தவமணி ஒரு தூரைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எங்கம்மாவே தோத்திரும் அக்கா. நல்லாச் செஞ்சிருக்கீங்க" என்றார். அவர்கள் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்தார். பெண்கள் இறங்கிப் போனபின் முழங்காலில் விழுந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு தூர் தூராகத் தேடினார். சுரண்டிப் போட்டவை இரண்டு நாள் மழையில் கரைந்து மண்ணோடு போயிருந்தன. கறுத்த நாலு துணுக்குகளை உறையில் போட்டுக்கொண்டார். அவற்றில் வேறு பூஞ்சணம்தான் வந்தது என்று பிறகு சொன்னார்.

"திரும்ப வளராதா?" என்று கேட்டேன்.

"வளர்றதுக்கு ஒரு துண்டாவது இருக்கணும் ராசு. இருந்தாலும் ஒரு நகமளவுக்கு எத்தனை வருசம்? என்கிட்ட எத்தனை மாசம்?" இறங்கும்போது ஒன்று சொன்னார்: "அந்தப் பொம்பளைங்ககிட்ட ஒண்ணும் சொல்லிறாத."

நான் சொல்லவில்லை. சாவு வீட்டில் யாரோ மாணவர் சொல்லிவிட்டார். காமாட்சி அக்கா பெட்டியின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, "நாங்க செஞ்ச பாவம் மிஸ்" என்று அழுதபடி இருந்தார். பல்கலைக்கழகத்துக்காரர்கள் இரண்டு லைக்கன்களை வைத்துக் கட்டுரையை வெளியிடப்போகிறார்களாம். மூன்றாவது வீட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அப்படி ஒரு வீடு இருந்தது என்பதற்கு இனிச் சாட்சி கிடையாது. மல்லிகை மாலைக்குக் கீழே, அவருடைய கைகளின் மேல், லைக்கன் போட அவர் வைத்திருந்த, பெயர் எழுதப்படாத வெற்று உறை ஒன்றைத் தம்பி வைத்திருந்தார். அதுவும் அவரோடு எரிந்தது.

போய் வாருங்கள் டாக்டரம்மா. வலது பக்கத் தலையை அப்படியே விட்டிருக்கிறேன்.

எழுதியதை வாசித்துப் பார்த்தபோது ஒன்று விடுபட்டிருப்பது தெரிந்தது. பாசி சுரண்டும் கத்திகள் பெண்களிடம் இருப்பதில்லை. அவை மடுவத்துக்குப் பின்னாலுள்ள ஸ்டோரில் பூட்டியிருக்கும். அதற்கு ஒரே சாவி, அது என் இடுப்பில். மிஸ் வரும்போது மலை அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று, அவர் வருவதற்கு முந்தாநாள் காலையில், நாலு வரிசையை விடச் சொல்லவும் மறந்து, பன்னிரண்டு கத்திகளை எண்ணிக் கொடுத்தவன் நான்.