ஒரே மெத்தையில் இரண்டு பேர்

"படம் எடுத்தவளை ஏன்டி ஏசுற? மெத்தையில படுத்தவன் உன் மகன். அவனைப் போய்க் கேளு!" என்றேன்.

வாசலில் நின்ற குந்தலா வாயை மூடுவதாக இல்லை. "ஆம்பளைங்களோட ரயில்ல சுத்துறவ, என் மகன் கல்யாணத்தைக் கெடுத்துட்டா, மாவுசி!" மாவுசி என்றால் பெரியம்மா; தெருவில் எல்லோருக்கும் நான் மாவுசிதான்.

இதிஸ்ரீ என் தங்கை மகள். புவனேஸ்வரில் ஒரு பத்திரிகைக்குப் படம் எடுக்கிறாள். புயல் வந்தால் ஊரே உள்ளே ஓடும், இவள் வெளியே ஓடுவாள். குந்தலாவின் கூரை பறந்தபோது இவள் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் அதிகாரிகள் தார்ப்பாயோடு வந்தார்கள். அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? எங்கள் கஞ்சாம் மாவட்டப் பையன்கள் சூரத்துக்குத் தறி ஓட்டப் போகும் ரயிலில், கழிவறை வாசலில் உட்கார்ந்து இவளும் போவாள். சொன்னால் கேட்கிற பிறவியா அது!

இந்த முறை சூரத்தில் குந்தலா மகன் சிமாஞ்சல் தங்கும் அறையைப் படம் எடுத்திருக்கிறாள். பகல் வேலைக்காரன் எழுந்து போக, இரவு வேலை முடித்த சிமாஞ்சல் அதே மெத்தையில் படுக்கிறான். கேட்டுத்தான் எடுத்தாள். "எடு அக்கா, நம்ம ஊர்ல யாரு பேப்பர் படிக்கிறா?" என்று சிரித்தானாம், மடையன். போலசராவில் அவனுக்குப் பேசி வைத்த பெண் வீட்டார் படித்துவிட்டார்கள். அவர்களிடம் தனி அறை, கட்டில், மின்விசிறி என்று அளந்திருந்தான். எல்லாப் பையன்களும் அப்படித்தான் அளக்கிறார்கள், நாமும் அதையே ஊரெல்லாம் பாடுகிறோம்.

"அது என் மகன் இல்லைன்னு அவளைச் சொல்லச் சொல்லு" என்றாள் குந்தலா.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உள்ளே இருந்த இதிஸ்ரீயிடம் திரும்பி, "ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்டி" என்றேன்.

"இதுல பொய் சொன்னா, நாளைக்குக் கூரை பறந்த படத்தையும் பொய்னு சொல்வாங்க மாவுசி." இதிஸ்ரீ கேமராப் பையை மாட்டினாள். "போலசரா போறேன். அவன்தான்னு நானே சொல்றேன். நல்ல பையன்னும் சொல்றேன்."

"போச்சு, எல்லாம் போச்சு!" குந்தலா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அந்தப் படத்தை நீ பார்த்தியாடி?"

பார்க்கவில்லையாம். யாரோ சொன்னார்களாம். பேப்பரை மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். மகனின் தலைமாட்டில், அவள் தன் பழைய புடவையில் தைத்து, பொரி போட்டுக் கொடுத்தனுப்பிய பை. அதன்மேல் விரலை வைத்தாள்.

"இளைச்சுட்டான்" என்றாள்.

இதிஸ்ரீ அதற்குள் படியிறங்கிவிட்டாள். ஊற்றி வைத்த பழையசோறு அப்படியே கிடந்தது. "தின்னுட்டுப் போடி!" என்று கத்தினேன். திரும்பினால்தானே?

குந்தலா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "ஏய், நில்லுடி, நானும் வர்றேன். நீ மட்டும் போய்ப் பேசினா காரியம் உருப்படாது!"