பெரிய ஆறு, சின்ன ஆறு: கடலூர்ப் படகுகளில் இரண்டு இஞ்சின்கள்

நேற்று, மார்ச் 29, பிற்பகல் மூன்று மணிக்கு 35 அங்குல வெண்கலப் படகு விசிறி (புரப்பல்லர்) ஒன்று சிதம்பரத்தில் ஒரு லாரி ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. தொலைபேசியில் சொன்னவர் ஷெட்டை நடத்தும் மெக்கானிக் ரஹீம் பாய். விசிறி யார் படகுக்கு வாங்கப்பட்டதோ, அவருக்கும் தகவல் போய்விட்டது. வாங்கச் சொன்னவர் அவர் இல்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் காரைக்காலிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம். காரும் லாரியும் செய்யும் ஒரு கம்பெனியின் ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின்கள்தான் நம் கரையில் பல படகுகளில் ஓடுகின்றன. சின்னது 5.7 லிட்டர், பெரியது 6.5 லிட்டர். துறைமுகத்தில் 'சின்ன ஆறு', 'பெரிய ஆறு' என்கிறார்கள். படகு கட்டும் அந்த வாசகருக்கு எதை வைப்பது என்று தெரியவில்லை. கடலூரில் பெரியதை வைத்தவர் வருந்துகிறார் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து எழுதச் சொன்னார்.

மார்ச் 10, 2010, புதன்கிழமை காலை ஆறரைக்குக் கோயம்பேட்டில் பேருந்து ஏறினேன். திண்டிவனம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர், நாலே முக்கால் மணி நேரம். மஞ்சக்குப்பத்தில் விடுதி அறை நாளுக்கு 350 ரூபாய். மின்விசிறி உண்டு, கொசுவும் உண்டு.

பார்க்கப் போனது தேவனாம்பட்டினத்துக்காரர்கள் இருவரின் படகுகளை. ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கலியமூர்த்தி அவர் மனைவியின் தம்பி. இருவர் படகும் ஒரே ஆசாரி கட்டியவை, நாற்பத்தெட்டு அடி, இரண்டிலும் 32 அங்குல விசிறி. கலியமூர்த்தியின் படகில் சின்ன ஆறு. ஏழுமலையின் படகில் ஒரு வருடமாகப் பெரிய ஆறு. ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு முதுநகர் துறைமுகத்திலிருந்து கலியமூர்த்தியின் படகில் கிளம்பினோம். முகத்துவாரம் தாண்டியதும், வலை போடும் முன், கிழக்கே ஒரு மணி நேரம் ஒரே சீராக ஓட்டச் சொன்னேன். வேகத்தை ஜி.பி.எஸ். கருவியில் பார்த்தேன். டீசலை டேங்கில் குச்சி விட்டு அளந்தேன்.

"மீனு கடல்ல இருக்கு சார், நீங்க டேங்குல தேடுறீங்க" என்றார் வலைக்காரர் ஒருவர்.

நிமிடத்துக்கு 1800 சுற்றில் 7.4 நாட், அதாவது மணிக்கு 13.7 கிலோமீட்டர். டீசல் மணிக்கு 13 லிட்டர்.

வெள்ளிக்கிழமை ஏழுமலையின் படகில் அதே நேரம், அதே திசை. இஞ்சின் 2050 சுற்றுக்கு ஏறி அலறியது. பேசுவது காதில் விழவில்லை. வேகம் 7.9 நாட். டீசல் 18 லிட்டர்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். பிடித்த மீனை விற்றதில் டீசல் செலவைக் கழித்துவிட்டுத்தான் ஆட்களுக்குப் பங்கு. மணிக்குக் கூடுதலாக எரியும் ஐந்து லிட்டர் ஆட்களின் வயிற்றிலிருந்து போகிறது. ஏழுமலையிடம் ஆறு பேர் இருந்தார்கள். மூன்று பேர் வேறு படகுக்குப் போய்விட்டார்கள். மிச்சமுள்ளவர்கள் மீன்பிடித் தடை தொடங்கும் வரை பார்ப்போம் என்கிறார்கள். அவர்களும் போனால் படகு கட்டியே கிடக்கும்.

வலை போட இஞ்சினைத் தணித்தபோது அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "இது இஞ்சினு இல்ல சார், மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்ள. தின்றது ஜாஸ்தி, வேல கம்மி." சுக்கான் பிடித்திருந்த ஏழுமலைக்கு அது கேட்டது.

சனிக்கிழமை கலியமூர்த்தியோடு சிதம்பரம் போனேன். கடலூரிலிருந்து 45 கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். கோயில் பார்க்க வருகிறவர்கள் இறங்கும் நிலையத்திலிருந்து புறவழிச்சாலை வரை ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுத்தோம். லாரி இஞ்சின்களைப் பிரித்துச் சீர்செய்து, கடல் தண்ணீரில் குளிரும்படி மாற்றிப் படகில் இறக்குவது ரஹீம் பாயின் தொழில். இரண்டு இஞ்சினையும் இறக்கியவர் அவர்தான். என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இன்னா சார் கம்பேர் பண்ணீங்க? இஞ்சின கம்பேர் பண்ணவே இல்லியே நீங்க. பெரிய ஆளுக்குச் சின்ன செருப்ப மாட்டி ஓட உட்டா எப்டி ஓடுவான்? முப்பத்தஞ்சு இஞ்சு புரப்பல்லர் போட்டா அதே ஆயிரத்து எட்நூறுல நின்னு இழுக்கும், சத்தமும் அடங்கும். மொத நாளே சொன்னேன் அவருகிட்ட. கேக்கல. இப்ப துறைமுகமே என் இஞ்சின கேலி பண்ணுது."

"ஏன் மாற்றவில்லை?" என்று கலியமூர்த்தியைக் கேட்டேன்.

"அத மாமாகிட்டயே கேளுங்க. நான் கேட்டா அக்கா மூணு நாள் அழுவும்."

அங்கேயே, ஏழுமலையைக் கேட்காமல், கலியமூர்த்தி புது விசிறிக்கு முன்பணம் கொடுத்தார்.

மாலை நாலரைக்குத் தேவனாம்பட்டினத்தில் ஏழுமலை வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். "பாய் சொன்னாரா? எனக்குத் தெரியும் சார்" என்றார்.

படகில் உள்ள விசிறி அவருடைய பழைய படகினுடையது. 2004 டிசம்பர் 26 காலை அவர் தம்பி செல்வம் அந்தப் படகில் இருந்தான். தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, முகத்துவாரம் வழியாக வெளியே எடுத்துப் போகப் பார்த்தான். கரையில் ஓடியவர்கள் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். அந்தப் படகில் இருந்தது சின்ன ஆறு.

"இஞ்சினு இழுக்கல சார். புகைய கக்கிகினு நின்ன எடத்துலயே நின்னுச்சாம். அப்பவே முடிவு பண்ணேன், இனிமே நம்ப படகுல பெருசுதான்னு. காசு சேத்து வாங்க நாலு வருஷம் ஆச்சு."

"விசிறி?"

"பத்தொம்பது நாள் கழிச்சு அக்கரையில முள்ளுக்குள்ள கெடந்துச்சு. அவன் உடம்பு கெடைக்கல. இதான் கெடச்சிது. கழட்டி எங்க வெக்கச் சொல்றீங்க?"

வலையை ஒதுக்கி வைத்துவிட்டு அவரே என்னைக் கேட்டார்: "ரெண்டையும் அளந்தீங்களே சார். அன்னிக்கு பெருசு இருந்திருந்தா வெளிய வந்திருப்பானா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் ஓர் எண் இருந்தது, அதைச் சொன்னேன். இதே விசிறியோடு என்றால் அரை நாட்தான் வித்தியாசம்.

"அரை நாட்டு" என்றார். ஒதுக்கி வைத்த வலையை மறுபடி எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். இருட்டும் முன் நான் கிளம்பினேன்.

காரைக்கால் வாசகருக்கு: இரண்டும் உழைக்கும் இஞ்சின்கள். விசிறியை மாற்றாமல் பெரியதை வைக்காதீர்கள். பழைய 32 அங்குலமே போதும் என்றால் சின்ன ஆறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 35 அங்குல விசிறியோடு பெரிய ஆறு எப்படி ஓடும் என்பதற்கு ரஹீம் பாயின் வாய்ச்சொல்தான் இப்போதைக்கு உண்டு. நான் அளக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: படகில் ஏற முதல் நாளே உரிமையாளரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், முழு வயிற்றோடும் போகாதீர்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், காதில் அடைக்கப் பஞ்சு. முதுநகருக்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ உண்டு, காலை ஐந்துக்கு முன் கிடைக்காது. இஞ்சின்களைப் பற்றிக் கேளுங்கள். 2004 பற்றி அவர்களாகச் சொன்னால் ஒழியக் கேட்காதீர்கள்.

முடிவு தெரியாதது ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் மே 29 வரை தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். ஏழுமலையின் படகு ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை காலை ஏறுகிறது. இவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: கற்பூரம் காட்டி பழைய விசிறியைக் கழற்ற அதன் நட்டில் முதலில் ஸ்பானர் வைப்பவர் படகுக்காரராக இருக்கவேண்டும். அவர் கை வைக்காமல் மெக்கானிக் தொடமாட்டார். புது விசிறியோடு ரஹீம் பாய் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சமுள்ள மூன்று ஆட்களும் அன்று காலை அங்கே நிற்பார்கள். ஏழுமலை வருவாரா என்று நேற்றும் தொலைபேசியில் கேட்டேன். "மாமா ஒண்ணும் சொல்லல சார்" என்றார் கலியமூர்த்தி.