மதாம் இருக்குமட்டும்

பிரான்சிலை வீடு வாங்கின கதையை ஆரும் கேட்டால் என்ரை மனுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவார். அந்த வீட்டிலை நாங்கள் இன்னும் குடிபூரேல்லை எண்டதை மட்டும் சொல்லமாட்டார்.

பேர்கண்டிப் பக்கம் ஒரு கிராமம். பழைய தேவாலயம், அதைச் சுத்திக் கல்வீடுகள். சரித்திரப் பெறுமதியான ஊராம், யன்னலுக்குப் பெயின்ற் மாத்துறதெண்டாலும் கந்தோரிலை அனுமதி கேக்கவேணும். ஜேர்மனியிலை, கொலோனிலை ஹோட்டல் குசினிக்குள்ளை ஆயுசு முழுக்க வெந்த மனுசனுக்கு அந்தக் கல்லுச் சுவரிலை அப்பிடியொரு ஆசை. விலையும் மலிவு. ஏன் மலிவெண்டு மகள்தான் பத்திரத்தை வாசிச்சுச் சொன்னாள்.

"அப்பா, இதுக்கு வியாஜே எண்டு பேர். வீட்டுக்கார மதாம் சாகுமட்டும் அவதான் உள்ளுக்கு இருப்பா. நீங்கள் மாசாமாசம் அவவுக்குக் காசு கட்டவேணும். அவ போனாப்பிறகுதான் வீடு உங்கடை கைக்கு வரும்."

"அவவுக்குத் தொண்ணூறு தாண்டீட்டுது, பிள்ளை," எண்டு சொல்லிப்போட்டுக் கையெழுத்து வைச்சார். எனக்கு உடம்பெல்லாம் கூசினது. ஒருத்தியின்ரை சாவைப் பாத்துக்கொண்டு இருந்து எடுக்கிற வீடு எங்களுக்கு ஏன்? சொன்னன். கேட்டால்தானே!

லீவு வந்தால் கூரையைப் பாக்கிறம் எண்டு சாட்டிப் போவம். மதாம் கேக் வெட்டித் தருவா. ஒருமுறை குளிருக்கை இருமிக்கொண்டு கிடந்தா. பாவமெண்டு நான் மிளகு ரசம் வைச்சுக் குடுத்தன். அடுத்தமுறை போகேக்கை மனிசி தோட்டத்திலை மண் கொத்திக்கொண்டு நிக்கிறா! திரும்பி வரேக்கை காருக்குள்ளை மனுசன் கேட்டார், "உன்னை ஆரப்பா ரசம் வைக்கச் சொன்னது?"

"வாயைக் கழுவுங்கோ," எண்டன். ஆனால் நானும் சிரிச்சனான்தான்.

பிறகு இவருக்கு இருதய வால்வு பழுதெண்டு டொக்டர் சொன்னார். ஒப்பரேசனுக்கு டெர்மீன் எண்டு நாளும் குறிச்சுக் குடுத்தினம். அண்டைக்குத் தொடக்கம் ஒரே கதை: "ஒரு நாளெண்டாலும் அந்த வீட்டிலை படுத்தெழும்பவேணும்." சுவாமிப் படத்துக்கு முன்னாலை நிண்டு நான் என்னத்தைக் கேக்கிறது? இவரின்ரை ஆசை நிறைவேறவேணும் எண்டு கேட்டால், மதாமைக் கொண்டுபோ எண்டு கேட்டமாதிரி. கேக்காமல் விட்டால் இவருக்குத் துரோகம். கையைக் கூப்பினபடி பேசாமல் நிப்பன். அதுக்குமேலை எனக்கு ஏலாது.

ஒப்பரேசனுக்கு ஒரு கிழமைக்கு முதல் மதாமின்ரை பக்கத்து வீட்டுக்காரி மகளுக்குப் போன் எடுத்தா. மதாம் படியிலை விழுந்து ஆஸ்பத்திரியிலையாம், கடுமையாம். மகள் சொல்லச் சொல்ல மனுசன் கதிரையிலை அப்பிடியே இருந்தார். எனக்கு வந்தது பயமோ வேறை என்னவோ.

வெள்ளிக்கிழமை இவருக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனம். ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார். சொன்னன்.

"இன்னொரு பேரும் இருக்கு ஐயா," எண்டு மனுசன் மதாமின்ரை பேரைச் சொன்னார். நான் திகைச்சுப்போனன்.

"நட்சத்திரம்?"

"அவவுக்குத் தெரியாது. என்ரையையே சொல்லுங்கோ."

"இஞ்சருங்கோ, அவ எழும்பி வந்தால் உங்கடை வீடு?" எண்டு மெல்லமாய்க் கேட்டன்.

"வீடு கிடக்கட்டும். ஒருத்தருமில்லாமல் கிடக்கிறா, பாவம்."

ஐயர் மணியைக் கிலுக்கி மந்திரத்தைத் தொடங்கீட்டார். ஒரு நட்சத்திரத்தை ரண்டு பேருக்குக் குடுத்தால் பலன் ஆருக்குப் போகும்? அதையே யோசிச்சுக்கொண்டு நானும் கையைக் கூப்பினன்.